அந்த வளையத்தில் என் கையெழுத்து

டெல்ரோஸ், நெப்ராஸ்கா
அக்டோபர் 22, புதன்கிழமை

அன்புள்ள குன்வோர் அவர்களுக்கு,

இங்கே அனைவரும் நலம். தூருனும் நலம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றோ நாளையோ பெவர்லி உங்களைத் தொலைபேசியில் அழைப்பார். மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கு எங்கள் வட்டாரப் பொறுப்பாளர் அவர்தான். உங்கள் மகள் ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் போடாவிட்டால் அவளை நார்வேக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம், அம்மாவாக நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பார். இனிமையாகத்தான் பேசுவார். அவர் பேசுவதற்குள் நான் சொல்வதைப் படித்துவிடுங்கள். தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது என்றுதான் மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் பள்ளி திறந்த முதல் நாளே இது தொடங்கிவிட்டது. அன்றாடம் கடைசி வகுப்பான கணக்கு வகுப்பின் நடுவில் தூருன் எழுந்து கதவை நோக்கி நடந்திருக்கிறாள். ஆசிரியர் கிராஃப், "எங்கம்மா கிளம்பிட்ட?" என்று கேட்டாராம். "பாத்ரூமுக்கு, வெண்டல்" என்றாளாம் இவள். உங்கள் ஊரில் ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இங்கே அவருடைய பெயர் வெண்டல் என்பதே பாதிப் பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரியும். "யாரைக் கேட்டுக்கிட்டு போற?" என்றாராம். "கேக்கணுமா? வர்றது எனக்குத்தானே?" என்றாளாம்.

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. கிராஃபும் சிரித்தார். சிரித்தபடியே ஆணியில் தொங்கிய வளையத்தை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினார்.

அது என்ன வளையம் என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். டாய்லெட்டின் மேல் பொருத்தி உட்காருவோமே, அதுதான். மரத்தாலானது, பள்ளிக்கூடத்தின் சிவப்பும் வெள்ளையும் பூசியது. அவர் வகுப்பிலிருந்து பாத்ரூம் போகிறவர்கள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வகுப்பில்லாத மாணவர்கள் தங்கள் புத்தகப் பெட்டகங்களில் சாய்ந்து நிற்கும் நீண்ட நடைபாதையைக் கடந்து போக வேண்டும். பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். முதல் முறை மாட்டிப் போனவர்கள் அதில் கையெழுத்துப் போடுவார்கள். ஊரில் பாதிப் பேர் பெயர் அதில் இருக்கிறது. எங்களுக்கு அது பெருமை. பழைய மாணவர்கள் கூடும் நாளில் அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வோம்.

தூருன் அதைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விளையாட்டுதான் கண்ணு. ஒரு தடவை மாட்டிக்கிட்டுப் போய் வந்துடு, எல்லாருக்கும் உன்னைப் பிடிச்சுடும்" என்றேன். அதோடு விட்டேனா? இன்னொரு வழியையும் நானே சொல்லிக் கொடுத்தேன். பாத்ரூம் போக ஒரு பருவத்துக்கு ஆளுக்கு நான்கு அனுமதிச் சீட்டு தருவார் அவர். அதைப் பயன்படுத்தாமல் திருப்பிக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். "போகவே போகாதே, மார்க்கும் கிடைக்கும்" என்றேன். அந்தப் பள்ளியில் பதினேழு வருடமாக நூலகராக இருக்கிறேன். பெண் பிள்ளைகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?

மற்றபடி நன்றாகவே ஒட்டிக்கொண்டாள். பள்ளி வாத்தியக் குழுவில் டிரம்பட் வாசிக்கிறாள். எங்கள் ஊர் வெள்ளை மாவுக் குழம்பை, பிஸ்கட் என்று நாங்கள் சொல்லும் மெத்தென்ற ரொட்டியின் மேல் ஊற்றித் தந்தபோது, "இது காலைச் சாப்பாடா, சிமெண்ட்டா?" என்று கேட்டாள். இப்போது இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொள்கிறாள். நீங்கள் அனுப்பிய ஆட்டு ரோமக் கையுறை இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது, இங்கே குளிர் தொடங்கவில்லை. என் கணவர் கிளென்னோடு மக்காச்சோள அறுவடை வண்டியில் ஏறிப் போய்ச் சோளத் தூசியோடு திரும்பி வருவாள். அக்டோபர் தொடக்கம் வரை நான்கு சீட்டும் கசங்காமல் அவளிடம் இருந்தன. கிராஃப், "இப்பதான் நீ நம்ம ஊர்ப் பொண்ணு" என்று அவளைத் தட்டிக்கொடுத்தார். நான் அன்றைக்கு ஆப்பிள் பை செய்தேன்.

அடுத்து எழுத வேண்டியதை மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். சென்ற வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, உங்களிடம் சளி மாதிரி என்று சொன்னேன். அது பொய். சிறுநீர்த் தொற்று, சிறுநீரகம் வரை போயிருந்தது. மருத்துவர் அவளிடம், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் சில நிமிடம் போதாது என்று, எழுந்ததிலிருந்து பள்ளி முடியும் மூன்றேகால் மணி வரை ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல், ஏழு வாரம் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். அவளை ஒப்புக்கொண்ட வீட்டுக்காரி நான். அந்த வழியைச் சொல்லிக் கொடுத்தவளும் நான். இப்போது மருந்து முடிந்து முழுதாகக் குணமாகிவிட்டாள், மருத்துவரின் சீட்டை இதோடு இணைத்திருக்கிறேன். நீங்கள் என் மேல் கோபப்படலாம். கோபப்பட வேண்டும்.

திங்கட்கிழமை பள்ளிக்குத் திரும்பினாள். கணக்கு வகுப்பில் எழுந்து போய் நான்கு சீட்டையும் கிராஃபின் மேசையில் வைத்தாள். "இதை நீங்களே வச்சுக்கங்க மிஸ்டர் கிராஃப். எனக்கு மார்க் வேண்டாம், தண்ணிதான் வேணும்" என்று சொல்லிவிட்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு, கழுத்தில் எதையும் மாட்டாமல், பாத்ரூம் போய்விட்டு வந்தாள். இந்த முறை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். மரியாதை கற்றுக்கொண்டாள், அடங்கிப்போகக் கற்றுக்கொள்ளவில்லை. நேற்று அதே வகுப்பில் ஆறு பெண்கள் தண்ணீர் பாட்டிலோடு வந்து தங்கள் சீட்டுகளை மேசையில் வைத்தார்கள்.

அதன் பிறகுதான் பள்ளி முதல்வருக்கு இது ஒழுங்கீனம் ஆயிற்று, தூண்டிவிடுதல் ஆயிற்று. வெள்ளிக்கிழமை கிராஃபையும் எங்களையும் வைத்து ஒரு கூட்டம். மன்னிப்புக் கடிதத்தை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வகுப்பின் முன் அதை வாசிக்க வேண்டும், வளையத்தை மாட்டிக்கொள்ள வேண்டும், எல்லாரையும் போல அதிலும் கையெழுத்துப் போட வேண்டும். பெவர்லி என் சமையலறையில் உட்கார்ந்து, "நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல, வேற மாதிரி. இதைத்தான நாம பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றோம், மார்சி?" என்றார். உங்கள் மகள் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "குழம்பு வேற மாதிரி, பெவர்லி. இது கெட்டதுதான்" என்றேன். படியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

கிராஃபை நீங்கள் பொல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. என் அம்மா இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவரும் ஒருவர். அதனால்தான் இத்தனை வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்.

1997-இல் அதே வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயது பதினாறு. நம் இருவருக்கும் விளக்க வேண்டியதில்லாத காரணத்துக்காக அன்று நான் உடனே வெளியே போக வேண்டியிருந்தது. அந்த வளையத்தை மாட்டிக்கொண்டு, பையன்கள் கைதட்டுகிற அந்த நடைபாதையில் அந்த நிலையில் எப்படிப் போவது? மணி அடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் போன பிறகு சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அதற்கடுத்த வாரம் யாரும் எதையும் சந்தேகப்படக் கூடாது என்று நானாகவே கை தூக்கி, வளையத்தை மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே போய் வந்தேன். கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகமும் வரைந்தேன்.

நேற்று இதைக் கிளென்னிடம் முதல் முறையாகச் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு ரோஷம் இருக்குடி. உன்னோடது இருபத்தெட்டு வருஷமா எங்க போச்சு?" என்றார். அவர் கேலியாகத்தான் கேட்டார். எனக்கு அப்படிப் படவில்லை.

இன்று காலை முதல் மணிக்கு முன்னால், நூலகச் சாவிக்கொத்தில் இருக்கும் சாவியால் கிராஃபின் வகுப்பறையைத் திறந்து, ஆணியிலிருந்து வளையத்தை எடுத்தேன். இப்போது அது என் காரின் டிக்கியில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. யார் எடுத்தது என்று முதல்வர் ஒலிபெருக்கியில் கேட்டார். நான் போய், நான்தான் என்றேன். "நீங்க இங்க சம்பளம் வாங்குறவங்க, மறந்துடாதீங்க" என்றார். "பதினேழு வருஷமா வாங்குறேன், மறக்கல. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குக் கொண்டுவர்றேன்" என்றேன். கொண்டுபோவேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த நடைபாதை முழுவதும் நடந்து போவேன். கைதட்டுகிறவர்கள் தட்டட்டும். பிறகு அதை மேசையில் வைத்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கிராஃபின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் இது எப்போதோ நின்றிருக்கும் என்றுதான் நம்புகிறேன். நம்பிக்கை பொய்த்தாலும் பரவாயில்லை.

தூருன் உறுதியாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவளுக்குப் பதினாறு வயது, ஊரை விட்டு இத்தனை தூரம் வந்தவள், அம்மாவின் குரல் ஒன்றுக்குத்தான் அவள் இளகுவாள். அவளைத் திருப்பி அனுப்பினால் இந்த வீடு எப்படி இருக்கும் என்று நான் யோசிக்காமல் இல்லை. மேசையில் மூன்றாவது தட்டு வைத்துப் பழகிவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன்: பெவர்லி அழைக்கும்போது, கையெழுத்துப் போடு என்று உங்கள் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். போக வேண்டி வந்தால் அவள் தலை நிமிர்ந்து உங்களிடம் வரட்டும். நானே விமான நிலையத்துக்கு ஓட்டிப் போவேன், வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டு, நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்கிக்கொண்டு போவோம்.

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் நல்லதே நடக்கட்டும். நீங்கள் பெற்ற பிள்ளையைப் பத்து மாதத்துக்கு என்னை நம்பிக் கொடுத்தீர்கள், அவளை நான் முதல் ஏழு வாரம் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. இனிப் பார்த்துக்கொள்கிறேன். அந்த வளையத்தில் என் கையெழுத்து இருக்கிறது, குன்வோர். அவளுடையது வேண்டாம்.

இப்படிக்கு,
மார்சி குச்செரா