எடுக்கச் சொன்ன பந்தி

செவ்வாய், இரவு இஷாத் தொழுகைக்குப் பின்.

இணையவெளியில் நாடுகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பேசும் சர்வதேசக் கூட்டத்துக்கு நமது நாட்டின் அறிக்கையை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. இன்று கொழும்பிலிருந்து அதிகாரி அழைத்தார். அறிக்கையில் எங்கள் கல்முனை ஆஸ்பத்திரியின் கணினிகளை ஒரு நாடு முடக்கியதைச் சொல்லும் பந்தியை எடுத்துவிட வேண்டுமாம்.

“ஒருத்தரும் மௌத்தாகல்லயே, ஒரு உயிரும் போகல்லயே, மெடம். நமக்கு உதவி செய்யிற நாடு அது.”

“மௌத்தாகாதது அவங்கட தயவில்ல, தம்பி. நம்மட பொம்புளையள் மருந்தளவு எழுதின கிளினிக் கொப்பியப் பத்திரமா வெச்சிருந்ததால.”

கணினிகள் முடங்கிய அன்று உம்மாவுடன் நானும் வரிசையில் நின்றேன். கணினி திறக்கவில்லை. தாதி கொப்பியைப் பார்த்துத்தான் இன்சுலின் அளவைச் சொன்னார்.

“பந்தி இருந்தா கூட்டத்துக்குப் போற தூதுக்குழுவில உங்கட பேர் இருக்காது.”

“அப்ப பேர வெட்டுங்க.”

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த தங்கச்சிக்குச் சிரிப்பு. “அங்கத்தக் குளிருக்கெண்டு வாங்கின ஸ்வெட்டர இனிக் கல்முனையில உடுக்கப் போறீங்களா, ராத்தா?”

உடுப்பேன்.

அந்தக் கூட்டத்துக்கு யாரும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். அந்தப் பந்தியை ஒரு சொல்லும் குறைக்காமல் என் பெயரில் இப்போதுதான் அனுப்பினேன். வாசிப்பார்களா என்பது சந்தேகம். ஆனால் பாதிப்பே இல்லை என்று நமது ஆட்கள் அங்கே எழுந்து சொல்லும்போது, அதே மேசையில் என் பந்தியும் கிடக்கும்.