பழைய அம்மி வேண்டாம்

தங்கவயல்
1938, ஐப்பசி

அன்புள்ள சாலம்மாளுக்கு மாதேஸ் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா?

மாரண்டஹள்ளிச் சந்தையில் புது அம்மி வாங்குவதா, யாரோ வீட்டைக் காலிசெய்து விற்கும் பழைய அம்மியை எடுப்பதா என்று கேட்டிருந்தாய். பழையதில் மிளகாய் வெண்ணெய் போல அரைபடும். ஆனாலும் புதியதையே வாங்கு. கல்பொடி போக, முதலில் தவிட்டைப் போட்டு அரைத்துக் கொட்டிவிடு.

இங்கே ஒரு வேடிக்கை. எனக்குக் கொடுத்த அறையில், முன்பு குடியிருந்த செங்கம்மாவின் அம்மி கிடந்தது. அவள் புருஷன் சுரங்கத்தில் இறங்கியவன், திரும்பி ஏறவில்லை. அவளோ சாகும்வரை தினமும் இரண்டு பேருக்கு அரைத்தாளாம். நான் அதில் மல்லி அரைத்தால் சத்தம் கேட்டு, பக்கத்து அறையில் கண் மங்கிக் கிடக்கும் பாப்பக்கா சுவர் வழியாகக் கேட்கிறாள்:

"ஏண்டி செங்கம்மா, உன் வூட்டுக்காரன் வந்துட்டானா?"

செங்கம்மா செத்ததையே பாப்பக்கா மறந்துவிட்டாள் போலும். முதலில் சிரித்தேன். நான் மாதேஸ் என்று சொல்லியும் பார்த்தேன். மறுநாளும் அதே கேள்வி. நேற்று என் வாய் தானாக, "இன்னும் வரலக்கா" என்றது.

பயப்படாதே. இனி அந்த அம்மியைத் தொடமாட்டேன். நீ இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பு.

சங்கு ஊதிவிட்டது, இறங்க வேண்டும். ஒன்று மட்டும் கேள், சாலா. புது அம்மியில் உனக்கும் அம்மாவுக்கும் மட்டும் அரை. நான் வந்து வாசலில் நிற்கும்வரை, எனக்கென்று ஒரு மிளகாய்கூடச் சேர்த்து வைக்காதே.

மாதேஸ்