வாய்விட்டுச் சொல்லாத பாஸ்வேர்டு

வைகாசி 12, வியாழன்.

நினைத்து நினைத்துச் சிரிப்பும் வெட்கமுமாக இருக்கிறது.

எங்கள் ஸ்டுடியோவின் கல்யாண வீடியோக்களையெல்லாம் சேமிக்கிற, வெளியூரிலிருந்தும் நெட் வழியாகத் திறக்கிற பெட்டிக்கு, வாங்கிய நாளிலிருந்து கம்பெனி வைத்த பாஸ்வேர்டுதான். காலையில் வந்த சர்வீஸ்காரர், "உடனே மாத்துங்கக்கா. யாருகிட்டயும் வாய்விட்டுச் சொல்லாத ஒண்ணா வைங்க" என்றார். நான் யோசிக்கவே இல்லை. இருபத்தாறு வருடமாக நான் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்றுதான், என் வீட்டுக்காரர் பேர். அதை அடித்து, பின்னால் கல்யாண வருடத்தையும் சேர்த்துவிட்டேன்.

பதினொரு மணிக்குக் கல்லல் கல்யாண மண்டபத்திலிருந்து இவர் போன் பண்ணினார்.

"நிச்சயதார்த்த வீடியோவத் திரையில போடணும். பெட்டி உள்ள விட மாட்டேங்குது. பாஸ்வேர்ட மாத்துனியா?"

"மாத்திட்டேன்."

"என்னன்னு சொல்லு, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காக."

"அத நான் எப்படிச் சொல்றது? பின்னாடி நம்ம கல்யாண வருசம். முன்னாடி இருக்கிறத நீங்களே போட்டுக்கிருங்க."

மேளச் சத்தத்துக்கு நடுவே சிரித்தார். வீடியோ ஓடிவிட்டது.

ராத்திரி சாப்பிடும்போது, "பாஸ்வேர்டு மறந்துருச்சு, ஒரு தடவ சொல்லு" என்றார். மூன்று முறை கேட்டார்.

"பேசாமச் சாப்பிடுறீகளா?" என்று ரசத்தை ஊற்றினேன்.

இவர் இப்படியே கேட்டுக்கொண்டிருப்பார், நாளைக்கு மாற்றியாக வேண்டும். பேனாவோடு உட்கார்ந்து ஏதேதோ எழுதிப் பார்க்கிறேன். எதை வைத்தாலும் இவர் கேட்டால் சொல்லிவிட முடியும். அதனாலேயே ஒன்றும் பிடிக்கவில்லை.