வரிசையில் முன்னால் இருந்தவர்

புனே, நிக்டி

அன்புள்ள அம்மாவுக்கு நமஸ்காரம். முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தீர்ந்திருந்தால் சொல். நான் சௌக்கியம்.

ஹைப்ரிட் கார் வந்துவிட்டது. விலைக்கு மேல் பணம் கொடுத்தால் உடனே தருவதாக ஷோரூமில் சொன்னதையும், நான் மறுத்துக் காத்திருந்ததையும் எழுதியிருந்தேனே. போன வாரம் அவர்களே கூப்பிட்டு, ஒரு பதிவு ரத்தாகிவிட்டது, அசல் விலைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சந்தோஷமாகப் போனேன்.

அங்கே முன்பணத்தைத் திரும்ப வாங்க வைஜயந்தி என்று ஒரு மாமி வந்திருந்தார். பேச்சு அப்படியே நம் கும்பகோணத்துத் தமிழ். அந்தக் காருக்குப் பதிவு செய்தவர் அவருடைய கணவர். காத்திருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டாராம். எனக்குச் சாவி வாங்கவே கை வரவில்லை.

"நீ எடுத்துக்கோம்மா. அவரும் ஒரு பைசா மேல தரமாட்டேன்னுதான் காத்துண்டிருந்தார்," என்றார் மாமி.

கார் பூஜையில் பொட்டு வைக்க யாராவது சுமங்கலியைக் கூப்பிடச் சொல்லியிருந்தாய். நான் குங்குமச் சிமிழை மாமியிடம் நீட்டினேன்.

"நான் வைக்கலாமோ?" என்று பின்வாங்கினார்.

"நீங்கதான் வைக்கணும் மாமி."

வைத்துவிட்டு, கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான்.

கோபித்துக்கொள்ளாதே. சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டது, நீ அரைத்ததில் கொஞ்சம் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் சீக்கிரம் வைத்துவிடாதே.

பொங்கலுக்குக் காரிலேயே வருகிறேன். அப்பா போனதிலிருந்து நல்ல காரியம் எதற்கும் நீ உள்ளறையை விட்டு வருவதில்லை. இந்தத் தடவை வாசலுக்கு வந்து நீதான் ஆரத்தி எடுக்க வேண்டும். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

உன்
கோதை