கத்தரிக்காய்க் கூடை

மார்ச் 3
துவைக்க எடுத்த சட்டைகளில், அண்ணனின் சாம்பல் சட்டைப் பையில் மட்டும் பொத்தான் மாட்டியிருந்தது. உள்ளே ஆய்வுக்கூடத் தாள்கள் இரண்டு. மூன்று வார இடைவெளி. இரண்டிலும் ராஃபத் என்று அண்ணன் பெயர், எண்ணிக்கைக்கு நேராகப் பூஜ்யம். எதன் எண்ணிக்கை? திரும்ப வைத்துவிட்டேன்.

மார்ச் 4
அண்ணி ஸுஹைருக்குக் குழந்தை தரிக்க வயிற்றில் மறுபடி ஊசி. அம்மா என்னைத்தான் பார்த்தாள். "புதுப்பொண்ணு ரூமுக்குள்ள கத்தரிக்காக் கூடையோட போனவதானே நீ! பிறைகூடக் கண்ணுல படல. அன்னிக்கே அவ வயித்த அடைச்சிட்டே."
நான் பள்ளியை விட்ட வருடம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. கல்யாணத்துக்குப் பின் முதல் பிறை தெரியுமுன் புதுப்பெண்ணின் அறைக்குள் கறுப்புக் கத்தரிக்காய் போனால் அவளுக்குக் கரு தங்காதாம்; யாரும் என்னிடம் சொல்லவில்லையே.

மார்ச் 9
சாப்பிடும்போது அண்ணன் கேட்டான். "அம்மா, சின்னதுல எனக்குப் பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் வீங்கிச்சா? டாக்டர் கேட்டாரு."
"பதினாலு வயசுல. கரியைக் குழைச்சுப் பூசினேன். பத்து நாள் காலை அகட்டி அகட்டி நடந்தே, வாத்து மாதிரி!" அம்மா சிரித்தாள். அண்ணன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

மார்ச் 10
மாடியில் புறாக்களுக்குத் தீனி போட வந்தவனிடம் கேட்டேன். "அண்ணா, பூஜ்யம்னா?"
கையிலிருந்த தீனியை மொத்தமாகக் கொட்டினான். பிறகு, "தொட்டுப் பாத்தாங்க. ரத்தம் எடுத்தாங்க. ஸ்கேன் பண்ணாங்க. அடைப்பா இருந்தா திறக்கலாமாம். இது அடைப்பு இல்ல. கன்னம் வீங்கின அந்தக் காய்ச்சல்லயே, புள்ள உண்டாக்குற அணு எல்லாம் செத்துப்போச்சாம்."
"அப்ப அண்ணி?"
"அவளுக்கு ஒண்ணுமில்ல. வாயைத் திறந்தே, தொலைச்சிடுவேன்."
நான் எப்போது வாயைத் திறந்திருக்கிறேன்?
அப்படியானால் கூடை? — நான்கு வருடமாக நான் சுமந்த கூடை?

மார்ச் 15
பரிசோதனையில் தனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று அண்ணன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா அவனுக்கு வேறு பெண் பார்க்கிறாள்.

மார்ச் 18
அண்ணி பெட்டியைக் கட்டி, வாசலில் நின்று சொன்னாள். "போறேன் அத்தை. அவரோட டெஸ்ட் தாளையும் ஒரு தடவை வாசிங்க. கேட்டுட்டுப் போறேன்."
"கேளேன்! எம்புள்ள சிங்கம்!" அம்மா என்னைக் கூப்பிட்டாள். வீட்டுப் பெண்களில் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்தி.
அண்ணன் பொத்தானைக் கழற்றித் தாள்களை என்னிடம் தந்தான். தயங்கவே இல்லை. என் வாய்மேல் அவ்வளவு நம்பிக்கை. "சரியா இருக்குன்னு சொல்லு, போதும்."
பெயரை வாசித்தேன். தேதியை வாசித்தேன். பூஜ்யம் என்றேன். இரண்டாவது தாளையும் வாசித்தேன்.
அண்ணன் கன்னத்தில் விட்ட அறையில் இன்னும் காது இரைகிறது.

மார்ச் 19
அம்மா தாள்களை அடுப்பில் போட்டாள். "எந்திரம் பொய் சொல்லும்." என்னோடு பேசுவதில்லை. அண்ணன் வீடு திரும்பவில்லை.

மார்ச் 22
அண்ணி போகவில்லை. பெட்டியைப் பிரிக்கவும் இல்லை. அறையை விட்டு வெளியே வருவதில்லை.
காலையில் சந்தைக்குப் போய்க் கறுப்புக் கத்தரிக்காய் வாங்கினேன். அன்று போலவே, கூடையை இறக்காமல் நேராக அண்ணியின் அறைக்குள் போனேன்.