தாடி உரசின தோள்

1953, மாசி கடைசி வியாழன். ராத்திரி.

வலது தோளில் தோல் உரிஞ்சு போச்சு. தேங்காய் எண்ணெய் தடவியும் எரிச்சல் அடங்கலை. சட்டையைக் கழட்டிட்டு உட்கார்ந்து எழுதறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹார்பர்ல நீச்சல் போட்டி. இன்னைக்கு சாயங்காலம் ராயபுரம் கடல்ல பழகறப்போ, கூட நீந்தற டேவிட்தான் கண்டுபிடிச்சான். "இன்னா மாமு, மூச்சு வாங்க உடம்பை உருட்டாம தலையை மட்டும் திருப்பிக்கினு கீறே. தாடி தோளை அறுக்குது பாரு. வழிச்சுப் போடு."

எப்படி வழிக்கறது? கப்பல் வேலைக்குப் போன என் சிநேகிதன் ஏழுமலை நல்லபடியா திரும்பணும்னு திருப்பதிக்கு வேண்டிக்கினு வளர்க்கற தாடி. போனவன்கிட்டேர்ந்து ஒரு சேதியும் இல்லை. அவன் வூட்டுலயே இப்போ அவன் பேரை எடுக்கறதில்லை.

டேவிட் விடலை. "அப்போ இடது பக்கம் மூச்சு வாங்கு. அந்தத் தோளு நல்லாதானே கீது?"

முயற்சி பண்ணேன். உப்புத் தண்ணி குடிச்சதுதான் மிச்சம். கழுத்து தானா வலது பக்கமே திரும்புது.

"அந்தப் பக்கம் அப்படி இன்னாதான்டா கீது?" டேவிட் சிரிச்சான். ஒண்ணுமில்லைன்னேன்.

சின்ன வயசுலேர்ந்து ஏழுமலை எனக்கு வலது பக்கம்தான் நீந்துவான். மூச்சு வாங்கத் திரும்பறப்போல்லாம் வாயைக் கோணிப் பழிப்புக் காட்டுவான். சிரிச்சு சிரிச்சே பின்தங்கிடுவேன். இன்னைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தண்ணிதான்.

இடது பக்கம் திரும்பக் கத்துக்கினா ஜெயிச்சுடலாமாம். ஜெயிச்சுக் கரையேறி யாரைத் தேடறது?