கொடியில் இரண்டு சட்டைகள்

செவ்வாய், இரவு

நிலக்கரி மைன்ஸில் ஷிஃப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரர், கொடியில் காய்ந்த சட்டைகளைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "என்னா தொவச்ச நீ? ஒண்ணு வெள்ளையா இருக்குது, இன்னொண்ணு பழுப்பேறிக்கினு இருக்குது!"

எனக்கும் சுருக்கென்று வந்தது. "அது ரோட்டோரமா காஞ்சுது. தூசி படிஞ்சா துணி என்னங்க பண்ணும்?"

சொன்ன மறுகணம் என் கட்டுரை நினைவுக்கு வந்தது. பால்வெளியின் பழைய நட்சத்திரக் கொத்து ஒன்றைப் பற்றிய அந்தக் கட்டுரையை நாளை ஆய்விதழுக்கு அனுப்ப இருந்தேன். கொத்திலுள்ள இரும்பை அளந்தால், கொத்து பிறந்த காலத்தில் பால்வெளியில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருந்தது என்பது தெரியும். இரும்பு கூடினால் இந்த நட்சத்திரங்கள் சிவந்து தெரியும். கொத்தின் ஒரு பாதி சிவந்திருந்ததால், அங்கே இரும்பு அதிகம் என்று பெருமையாக எழுதியிருந்தேன். ஆனால் இடையிலுள்ள தூசியும் அப்படித்தான் சிவப்பாகக் காட்டும். தூசியால் வரும் சிவப்பைக் கழித்திருந்தேன், ஆனால் கொத்து முழுவதற்கும் ஒரே அளவாக. ஒரு பாதியின் முன்னால் மட்டும் தூசி அதிகமாக இருந்தால்?

சாப்பிட்டதும் பகுதி பகுதியாகக் கழித்துப் பார்த்தேன். இரண்டு பாதியும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. என் பெரிய கண்டுபிடிப்பு போயிற்று, மானம் தப்பியது. நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

அந்தச் சட்டையை மட்டும் அவரே அலசிக்கொள்ளட்டும்.